கவிழ்த்துப் போட்ட கல்

மேலகரத்தில் அந்த வீட்டு வாசலில் பிச்சைமணி கொத்தனார் சைக்கிளை நிறுத்தும்போது மணி மூன்றுதான் இருக்கும். ஆனால் சாரல் மேகம் மலையை விட்டு இறங்கி வந்து ஊரையே அந்தி மாதிரி ஆக்கி வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கட்டி முடித்துக் கொடுத்த வீடு. பெயின்ட் வாசம்கூட இன்னும் அடங்கவில்லை.

"வீட்டுல தண்ணி தங்க மாட்டேங்கு அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று முகம்மது ரபீக் போனில் சொன்னதிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. தொட்டியில் கசிவு, பூச்சு சரியில்லை என்று எதையாவது தன் தலையில் கட்டப் பார்க்கிறானோ என்று நினைத்துக்கொண்டேதான் மிதித்து வந்தார்.

ரபீக் அவரைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனான். கொரியாவில் கப்பல் பட்டறையில் வெல்டராக ஆறு வருசம் இருந்து வந்தவன். பின்வாசலில் மூன்று படிகள். மேலும் கீழும் சிமென்ட், நடுப்படி மட்டும் ஒற்றைக் கல். அதன் பக்கத்தில் குடமும் வாளியுமாக ஐந்தாறு வரிசையாக இருந்தன. எல்லாம் காலி.

"காலையில நிறைச்சது. பிளம்பர் ரெண்டு பேரு வந்து பாத்தாச்சு. குழாயில ஒழுக்கு இல்ல, டேங்குல கீறல் இல்ல."

"வெயில் இழுத்திருக்கும்."

"சாரல் பெய்யுது அண்ணாச்சி. வெயில் எங்கன இருக்கு?"

உள்ளே குழந்தை அழுதது. ஈரமே இல்லாத அழுகை. காய்ந்த ஓலையை இழுத்த மாதிரி. ரபீக்கின் மனைவி நஸீபா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்தாள்.

"முப்பத்தாறு நாள் பிள்ளை. பத்து நாளா எனக்குப் பால் வத்திப்போச்சு. டப்பாப் பால் கரைச்சு வச்சுட்டுத் திரும்புதேன், பாட்டில் காலியா இருக்கு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனா தெளியுதான். கழட்டுனா பழையபடி. எங்க உம்மா வீட்டுக்கும் தூக்கிட்டுப் போனேன். அங்கனயும் கூடவே வருது." கணவனைப் பார்த்தாள். "வெளிநாட்டுலேந்து வாறவுக சோப்பு, சென்ட் வாங்கிட்டு வருவாக. இவுக பேயை வாங்கிட்டு வந்திருக்காக."

ரபீக் சிரிக்கவில்லை. நடுப்படியின் பக்கத்தில் குத்தவைத்து அதைத் தடவினான். "இந்தக் கல்லு எங்கன எடுத்தது?"

"குவாரிக் கல்லு." பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

ரபீக் நிமிர்ந்து பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

"கொரியாவுல, பூசான் ஊர்ல நான் இருந்த பகுதிக்கு அமிதோங்னு பேரு அண்ணாச்சி. கடலைப் பாத்த மலைச்சரிவு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல அது அவனோட கல்லறை மேடு. அவன் போனான், அஞ்சு வருசத்துல வடக்கு தெற்குன்னு சண்டை வந்துட்டு. உசுரைக் கையில பிடிச்சிட்டு ஓடி வந்த சனத்துக்கு அந்த ஊர்ல கால் வைக்க இடம் இல்ல. மிச்சம் இருந்தது கல்லறை மேடுதான். சமாதி மேலயே கூடாரம் அடிச்சாங்க. நட்டு வச்சிருந்த கல்லைப் பேத்து அஸ்திவாரம், சுவர், படின்னு வச்சுக் கட்டுனாங்க. இன்னைக்கும் பேரோட தெரியும். நான் என் ரூமுக்கு ஏறுத படியில ஒருத்தன் பேரு இருந்தது."

"சரி."

"ரூம் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா காலையில தான் குடிக்கதுக்கு முன்னால அந்தப் படிக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைப்பா. ஏன்னு கேட்டேன். செத்தவுக வீட்டுலதான நாம இருக்கோம்னா. ஒரு தடவை அவ ஊருக்குப் போனப்போ வைக்கச் சொல்லிட்டுப் போனா. நான் விளையாட்டா விட்டுட்டேன். நாலு நாளு என் ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி தங்கல."

எழுந்து போய் ஒரு வெள்ளைக் கிண்ணம் நிறையத் தண்ணீர் கொண்டு வந்து நடுப்படியில் வைத்தான்.

"தள்ளி நில்லுங்க."

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காற்று நின்றது. தோட்டத்து வாழை இலை அசையவில்லை. பழைய சாக்கு நனைந்த மாதிரி ஒரு வாடை எழுந்தது.

தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம் விழுந்தது.

யாரோ உதட்டை வைத்த மாதிரி.

தண்ணீர் இறங்கியது. ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை.

சத்தமே இல்லை.

கிண்ணத்தின் அடி தெரிந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அழுததைவிட அதுதான் பயமாக இருந்தது. நஸீபா அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "நாக்கு ஒட்டுது" என்றாள்.

பிச்சைமணி படியோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"புளியரை மேட்டுல ரோடு அகலப்படுத்துதப்போ பெயர்ந்து கிடந்துச்சு தம்பி. மூணரை அடி, அளந்து வெட்டுன மாதிரி. பிள்ளை பிறக்குமுன்னே குடி வரணும்னு நீங்க அவசரப்பட்டிய. தூக்கிட்டு வந்துட்டேன். அதுல எழுத்து இருந்தது."

"படிச்சியளா?"

"நாப்பது வயசுல படிச்ச எழுத்து. கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனா படிச்சேன். எழுத்துத் தெரியாத காலமா இருந்தா தெரியாமச் செஞ்சேன்னு சொல்லலாம். படிச்சுட்டுத்தான் கவுத்துப் போட்டேன். எழுத்து மேல இருந்தாத்தான கால் படும், கீழ இருந்தா குத்தமில்லன்னு நெனச்சேன்."

"யாரு பேரு?"

"வேலாயி. மலைத்தோட்டக் கூலி. வாந்திபேதியில மாண்டதுன்னு போட்டிருந்தது." எச்சிலை விழுங்கப் பார்த்தார். வரவில்லை. "அந்தக் காலத்துல அந்தச் சீக்குக்காரங்க தண்ணி கேட்டா கொடுக்க மாட்டாங்களாம். கொடுத்தா செத்துருவாங்கன்னு நெனப்பு. எங்க ஐயா சொல்லுவாரு."

பிச்சைமணி கடப்பாரையை எடுத்தார்.

கல் பெயர்ந்து வந்தபோது அடியில் இருந்த மண் தவிடு மாதிரி உலர்ந்து கிடந்தது. ஒரு மாதமாகச் சாரல் பெய்கிற தோட்டத்தில் அந்த மூன்றரை அடி மட்டும். எழுத்து பதிந்திருந்த இடத்தில் மண் உள்வாங்கிக் குழிந்திருந்தது. மூன்று மாதம் அவள் முகத்தை மண்ணில் அழுத்தி வைத்திருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பைத் தள்ளிவிட முடியவில்லை.

"அமிதோங்ல யாரும் கல்லைத் திருப்பிக் கொடுக்கல அண்ணாச்சி" என்றான் ரபீக். "தண்ணி வச்சுக் கூடவே இருந்தாங்க."

"அவுங்களுக்குப் போக்கிடம் இல்ல தம்பி. நமக்கு அப்படியா?"

தெரிந்தவரின் லோடு ஆட்டோவை வாங்கி வந்து, இருவருமாகக் கல்லை ஏற்றினார்கள். பிள்ளையையும் தாயையும் விட்டு ரபீக் வரக்கூடாது என்று பிச்சைமணிதான் சொன்னார். தனியாகவே ஓட்டினார். செங்கோட்டை தாண்டியதும் மழை வலுத்தது. புளியரை மேட்டில் சாலைக்கு மேலே, மண்வெட்டு படாத ஒரு தேக்கமரத்தடியில் குழி தோண்டினார். பலகை போட்டுக் கல்லைச் சறுக்கி இறக்கி, கடப்பாரையால் நெம்பி நெம்பி நட்டு வைத்தார். எழுத்து வெளியே தெரியும்படி. கொண்டுபோன குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் ஊற்றினார். இரண்டு கையையும் கூப்பி, "என்னை மன்னிச்சிரு தாயி" என்றார். தண்ணீர் வழிந்து சாதாரணமாக மண்ணில் இறங்கியது.

வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரபீக்கைக் கூப்பிட்டார்.

"பால் ஊறிட்டு அண்ணாச்சி" என்றான் ரபீக். "அரை மணி நேரமாச்சு. நஸீபா அழுதுகிட்டே இருக்கா."

பிச்சைமணி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். போன் காதில் இருக்க, குடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. மடக் மடக்கென்று, மூச்சு விடாமல்.

"நல்லா குடிக்குதான் போலிருக்கே. இங்கன வரைக்கும் கேக்குது."

மறுமுனையில் ரபீக் கதவைச் சாத்துவது கேட்டது.

"அவன் குடிச்சு முடிச்சு அப்பமே தூங்கிட்டான் அண்ணாச்சி."

"பின்னே?"

"போனை எடுத்ததுலேந்து நானும் கேக்கேன்." ரபீக் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் உங்க பக்கத்துலதான் வருது. உங்க கூட யாரு இருக்கா?"