சுவர்ப் பக்கத்துக் குரல்

சாயங்கால ஜெபத்தில் ரோஸ்மேரி வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுடைய வசனத்தை யாரோ சொல்லி முடித்துவிட்டார்கள்.

கட்டிலருகே மகன் ஜெனிஷும் மருமகள் சுஜாவும் முழங்காலில் இருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தெற்கே நாசரேத் ஊரிலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகை மொத்தக்கடை போட்ட நாள் முதல் அந்த வீட்டு வழக்கம் அது. மற்ற இருவரும் சொல்லியாயிற்று. ரோஸ்மேரி தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் சுவர்ப் பக்கத்திலிருந்து, அவள் குரலிலேயே, ஓர் எழுத்துப் பிசகாமல் வந்துவிட்டது. சுஜா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷனில் இடுப்பு மூட்டை மாற்றி வைத்ததிலிருந்து கால்களுக்கு நடுவே கெட்டித் தலையணை வைத்து வார்போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒருக்களிக்கக் கூடாது, குனியக் கூடாது. கீழே கடையிலிருந்து மிளகாய் நெடியும் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் நாற்றமும் சன்னல் வழியே ஏறி வந்து அறைக்குள் தங்க, தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம் கட்டில் அதிர, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த ஒரு சாண் இடைவெளியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது அவளுக்குக் கேட்டது.

வயதானவர்களில் சிலருக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் புத்தி தடுமாறும், பெரும்பாலும் சரியாகிவிடும், தினமும் ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெனிஷ் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் போலக் கேட்டான். சரியாகாவிட்டால் சேர்ப்பதற்கு மாதவரத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருப்பதாக அவன் சமையலறையில் சுஜாவிடம் சொன்னதும் ரோஸ்மேரி காதில் விழுந்தது. புத்திதானே தடுமாறியது, காதுக்கு என்ன கேடு? புருஷனும் தானுமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

"இது என்ன மாசம்மா?"

நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை. சுவர்ப் பக்கத்துக் குரல் சொன்னது. ஜெனிஷின் முகம் மலர்ந்தது. ரோஸ்மேரி வாயை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. யார் சொன்னால் என்ன, வீட்டில் விட்டுவைத்தால் போதும்.

அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் சொன்னது. கேட்காததற்கும் பேசியது. காபியில் சர்க்கரை போதவில்லை என்றது. தொட்டிலில் கிடந்தபோது ஜெனிஷை அவள் மட்டும் கூப்பிட்ட செல்லப்பெயரால் கூப்பிட்டது. அவன் அழுதேவிட்டான். ரோஸ்மேரிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெயர் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வியாசர்பாடியிலிருந்து வரும் அம்முவிடம் சொன்னாள். அம்மு டார்ச் அடித்து இடைவெளியைப் பார்த்தாள்.

"யாருமே இல்லமா. ஒரு சாண் எடந்தான் கீது, இதுல யாரு படுப்பா? ஆபரேசன் மயக்கம். பேஜார் பண்ணிக்காத."

"சரிம்மா" என்றது குரல். ரோஸ்மேரியின் உதடு அசையவில்லை. அம்மு சிரித்துக்கொண்டே டார்ச்சை அணைத்தாள்.

இன்று சொல்லியே தீருவது என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள். மாதவரத்துக்கே போகிறேன். எங்கே வேண்டுமானாலும் போகிறேன். இங்கிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போ. ஜெனிஷ் வந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல ராசா. எந்திச்சு நடந்து பாக்கட்டா?" என்றது குரல்.

வாக்கர் வந்தது. வார் அவிழும் சத்தம் கேட்டது. அவள் காலில் வார் அவிழவில்லை.

முதுகில் தரையின் குளிர். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் கட்டில் சட்டம். மேலே ஒரு சாண் வெளிச்சம்.

அதில் பார்த்தாள். அவளுடைய நீல நைட்டி. அவளுடைய நரைத்த கொண்டை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. ஜெனிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கூப்பிட்டாள். சத்தமில்லை.

அது நின்றது. திரும்பி வந்தது. குனிந்து இடைவெளிக்குள் பார்த்தது. அவளுடைய முகம்தான். கோபமில்லை.

"சுஜா, இந்தச் சந்துல கரப்பான் வருது. கட்டிலச் சுவரோட ஒட்டிப் போட்ரும்மா."

"சரிங்கத்தை."

இரும்புக் கால்கள் தரையில் உரசின. வெளிச்சம் விரலளவு ஆனது. மூச்சு முட்டியது. கட்டில் அதற்கு மேல் நகரவில்லை. ஜெனிஷும் ஒரு கை கொடுத்தான்.