அண்ணியோடு சேர்த்து விலை

"என்னையும் சேத்தா வெல பேசுன? நான் என்னடி, மாடா? கன்னுக்குட்டியா?"

விடிந்தும் விடியாத நேரம். அல்லி வீட்டின் பின்பக்கக் கொல்லைக்கட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு ஒடிந்து கூடிய நாளிலிருந்து அவளால் நிமிர முடியாது. நாக்கு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ராசாத்தி திரும்பவில்லை. புருஷனின் அக்காவான அல்லியை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"நேத்து வேலியோரம் நின்னு அந்தப் பீர் மைதீன்கிட்ட என்ன சொன்ன? 'எங்க அண்ணியோட சேத்துதான் வெல பேசணும் பாய்'னு சொன்னியா இல்லியா? என் காது இன்னும் செத்துப் போவலடி!"

"சொன்னேன் அண்ணி."

"பாத்தியாடா மருதையா! ஒத்துக்கிட்டா ஒன் பொண்டாட்டி!"

மருதையன் பல்குச்சியோடு உள்ளே வந்தார். புதுச்சேரியில் வேலையாகிப் போன மகன் செல்லையன் மனைக்கட்டு பார்த்திருந்தான். விழிதியூர் வீட்டை விற்றுக்கொண்டு வாருங்கள் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பினான். வீட்டை யார் மூலமாக விற்பது என்பதில்தான் வீடே இரண்டாகிக் கிடந்தது. மருதையன், தரகன் தெட்சிணாமூர்த்தியின் கட்சி.

"ஒன்ன எவன்டி தரகன் புடிக்கச் சொன்னது? பீர் மைதீன் வூட்டக் காட்ட வந்தா, இருக்குற கொறயெல்லாம் வாங்குறவன்கிட்டயே சொல்லுவான். அவனும் ஒரு தரகனா? அவன்கிட்ட ஒனக்கு என்ன பங்கு?"

"பங்கா...?" ராசாத்தியின் கை நின்றது. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் இந்த வீட்டில் அவள் வாங்காத பேச்சில்லை. இது மட்டும் புதிது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அண்ணியின் நெஞ்சு உடைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

அல்லி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். "உப்பு கெடையாது, ஒறப்பு கெடையாது. எடுத்துட்டுப் போடி!"

வெயில் ஏறியதும் தெட்சிணாமூர்த்தி வந்தான். கஞ்சி போட்ட வேட்டி, வாயெல்லாம் சிரிப்பு. வெற்றிலைத் தட்டைக் கூடத்தில் வைத்தான். அந்த வட்டாரத்தில் தரகன் வைத்த வெற்றிலையை வீட்டுக்காரர் எடுத்துவிட்டால் அவன்தான் தரகன். பிறகு இன்னொருவன் வாசலேற முடியாது.

"எடுங்கண்ணே! புயல்ல வெடிச்ச செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. வூட்ட மட்டும் ஒழிச்சுக் குடுங்க. கெழவி கெடக்குற வூட்ட எவனும் எட்டிப் பாக்க மாட்டான். அதான் முதியோர் விடுதில எடம் சொல்லி வச்சாச்சுல்ல? நாளைக்கே வண்டி கொண்டாறேன், ஏத்திடுவோம்!"

கொல்லைக்கட்டு நிலையில் நின்ற அல்லி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"எந்த விடுதிடா?" அல்லி கேட்டாள். குரலில் சத்தமே இல்லை. "எந்தக் கெழவிடா?"

மருதையன் தட்டையே பார்த்தார். "அக்கா... பையன் வூட்டுல ரெண்டு ரூம்புதான்... மருமவ ஒத்துக்க மாட்டேங்குது..."

"நான் பொறந்த வூடுடா இது! ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவடா நானு!"

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். பீர் மைதீன், வாங்க வந்த சிலுவைராஜோடு நின்றார். பீர் மைதீனுக்குச் சிரிக்க வராது. வந்ததும் மேற்குச் சுவரைக் காட்டிச் சிலுவைராஜிடம் சொல்லிவிட்டார்.

"மேலண்ட செவுரு வெடிப்பு. மழ பேஞ்சா கொல்லையில தண்ணி நிக்கும். இன்னொன்னு, இந்த அம்மாவோட சேத்துதான் வெல. கொல்லக்கட்டு இவங்க காலம் உள்ளவரைக்கும் இவங்களுக்கு. ஒங்க வூட்டம்மா காலி பண்ணச் சொல்லக் கூடாது. ராசாத்தி தங்கச்சிதான் இப்படிப் பேசச் சொல்லுச்சு. சரின்னா உள்ள வாங்க, இல்லன்னா வேற வூடு பாப்போம்."

அல்லி நிலையை விட்டுவிட்டாள். விழப்போனவளை ராசாத்தி ஓடிவந்து பிடித்தாள்.

"இதத்தானாடி பேசுன... காலையில நான் அம்புட்டு பேசுனனே, வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன!"

"ஒங்க தம்பி பண்ணுனத நான் எப்படி அண்ணி என் வாயால சொல்லுவேன்...?"

சிலுவைராஜ் தயங்கினார். "எனக்குச் சம்மதம்தான். ஆனா வயசானவங்க தனியா... நாளைக்கு ஒண்ணுன்னா பழி எங்க மேல வரும். கூட ஒரு ஆள் வேணுமே."

"நான் இருக்கேன்" என்றாள் ராசாத்தி.

மருதையன் எகிறினார். "ஒனக்குப் பைத்தியமாடி? பையன்கிட்ட என்ன சொல்லுவேன்?"

"அம்மாவுக்கு இஞ்சயே எடம் கெடச்சிடுச்சுன்னு சொல்லுங்க. இல்ல, தெட்சிணாமூர்த்தி வண்டிதான்னா, எனக்கும் சேத்து விடுதில எடம் சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஏறிக்கிறோம்."

வாழ்நாளில் அவள் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அல்லி கைத்தடியால் வெற்றிலைத் தட்டைத் தள்ளினாள். அது சறுக்கிப்போய் தெட்சிணாமூர்த்தியின் காலில் முட்டியது. "எடுத்துட்டுப் போடா, வண்டிக்காரா!" அவன் முனகிக்கொண்டே பொறுக்கிக்கொண்டு போனான்.  மருதையன், பீர் மைதீன் நீட்டிய வெற்றிலையை, யார் முகத்தையும் பார்க்காமல், எடுத்துக்கொண்டார்.

கிரயம் முடிந்து அவர் புதுச்சேரி பஸ் ஏறிய அன்று, "போய்ட்டு வறேன்" என்று வாசலில் நின்று சொன்னார்.  ராசாத்தி தலையை மட்டும் ஆட்டினாள். அழவில்லை.

கொல்லைக்கட்டில் புது அடுப்பு. இரண்டு கிண்ணத்தில் கஞ்சி. அல்லி ஒரு வாய் குடித்தாள்.

"ஏண்டி, இன்னிக்கும் உப்பு கெடையாதா?"

ராசாத்தி உப்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். அல்லி விரல் நுனியில் எடுத்தாள். தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ராசாத்தியின் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிவிட்டாள்.

"குடி. ஒனக்கும் நாக்கு இருக்குன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்."