முளையில் இரண்டு கண்ணிகள்

காலை 9:40. தூங்குகிற பழைய கூட்டாளியை எழுப்ப, படகின் மேல் விரித்திருந்த தார்ப்பாயை வின்கோ தூக்கினான். அடியில் யெரே கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. பக்கத்தில் ஒரு துடுப்பு.

வின்கோ கத்தவில்லை. ஷிபெனிக் துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்தே பிழைத்தவன். தன் தம்பி பாவேயையே இதே கரையில்தான் அள்ளி எடுத்தான். விஞ்ச் இயந்திரம் இழுத்த கயிறு அறுந்து வந்து அவனை அடித்துக் கொன்றது. நிற்கக்கூடாத இடத்தில் நின்றான், தப்பு அவனுடையது என்று அறிக்கை எழுதினார்கள். அந்த அவமானத்தில் ஜெர்மனிக்குப் போன வின்கோ, இருபத்தாறு வருஷம் கழித்து இன்றுதான் ஊரைப் பார்க்கிறான். மகள் வாங்கிக் கொடுத்த சீட்டில், மனைவி மிலேனாவோடு, எழுபது பேர் போகும் சின்ன உல்லாசக் கப்பலில். மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

போன வாரம் யெரே போன் செய்திருந்தான்.

“வாடா. பாவே விஷயமா ஒண்ணு சொல்லணும். உன் மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவேன்.”

அதைச் சொல்லாமலே செத்துப்போனான்.

10:30. இன்ஸ்பெக்டர் லூசியா கிர்காஸ் வந்தாள். முப்பத்தைந்து வயசு, தூக்கம் கெட்ட முகம். டாக்டர் பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் நடந்திருக்கிறது என்றார். ஆறு மணிக்கு யெரேயின் மகன் தொன்ச்சி கரையில் நின்று, படகை விற்கச் சொல்லி அப்பனிடம் கத்தியதை மீன் வாங்க வந்த நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். தொன்ச்சி பஸ் டிரைவர். 6:40க்கு க்னின் ஊருக்குப் போகும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பி வந்து இறங்கியதும் பிடித்தார்கள்.

வழக்கை முடித்துக் கொடுத்தது ஷிமேயின் சாட்சிதான். ஒரு காலத்தில் வின்கோ, யெரே, ஷிமே மூவரும் கப்பல் கயிறு கட்டும் ஒரே கூட்டம். வின்கோவின் மகளுக்கு ஷிமே ஞானத்தகப்பன். ஆறரை மணியிலிருந்து எதிர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். படகு நேற்று மாலையிலிருந்து கட்டின இடத்திலேயே இருந்தது, தார்ப்பாய் மூடியிருந்தது, யெரே தூங்குகிறான் என்று நினைத்தானாம். 7:20க்கு உல்லாசக் கப்பல் வந்து கட்டியது. அதுவரையும் அதற்குப் பிறகும் யாருமே படகுப் பக்கம் போகவில்லையாம். அப்படியானால் அடித்தவன் ஆறரைக்கு முன்னால் வந்தவன். தொன்ச்சி.

எட்டு மணிக்குக் கப்பல் ஏணியடியில் ஷிமே கட்டிப்பிடித்ததை வின்கோ நினைத்துக்கொண்டான். வின்கோவுக்கென்று ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான். அவன் சட்டைக்கை இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்தன.

“இன்னும் கயிறு வாடை போகலையாடா உன் மேல?” என்று வின்கோ சிரித்தான்.

“செத்தாத்தான் போகும். யெரே தூங்குறான், எந்திரிச்சு வருவான். நீ காப்பி குடி.”

மதியம் முழுக்க வின்கோ கரையை விட்டு நகரவில்லை. மிலேனா ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கரையில் கயிறு மாட்டும் இரும்பு முளையையே பார்த்தான். கப்பலின் பின்கயிறும் யெரேயின் படகுக் கயிறும் அந்த ஒரே முளையில் மாட்டியிருந்தன. கீழே கப்பல் கயிற்றின் கண்ணி, அதாவது நுனி வளையம். படகின் கண்ணி அதற்குள் அடியிலிருந்து நுழைந்து, மேலே வந்து, முளையில் விழுந்திருந்தது. காலையில் அதைப் பார்த்ததும், ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவன் ஊரில் இன்னும் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

இப்போது ரொட்டியை மிலேனாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனான்.

4:15. இன்ஸ்பெக்டரையும் ஷிமேயையும் முளைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான்.

“ஷிமே, படகு அசையவே இல்லையா?”

“எத்தன தடவடா கேப்ப? இல்ல.”

“யெரேவ யார் படகுல இறக்குவா?”

“நான்தான். ஒத்தக் கைய வச்சுக்கிட்டு இந்த இரும்பு ஏணில அவன் ஏறி இறங்குவானா? கோழி மாதிரி விழுவான்.”

வின்கோ இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

“அம்மா, முளையில ஏற்கெனவே ஒருத்தன் கயிறு கெடந்தா, பின்னால வர்றவன் தன் கண்ணிய அதுக்குள்ள அடியில விட்டு மேல எடுத்துப் போடணும். அப்பத்தான் யார் முன்னால கிளம்பினாலும் மத்தவன் கயித்தக் கழட்ட வேண்டாம். இங்க பாருங்க. எது எதுக்குள்ள போயிருக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். “படகு கயிறு, கப்பல் கயித்துக்குள்ள.”

“கப்பல் எத்தன மணிக்குக் கட்டுச்சு?”

“ஏழு இருபது.” அவள் நிமிர்ந்தாள். “அப்ப படகு அதுக்கப்புறம் வந்திருக்கு.”

“தொன்ச்சி அப்ப க்னின் பாதையில. யெரேயால ஏணி ஏறி வந்து கட்ட முடியாது. அவன் மகன் கட்டினாலும் கண்ணிய மேல தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பான், அவனுக்கு இது தெரியாது. இப்படிக் கட்டுறவங்க எங்க கூட்டத்துல மூணு பேர். ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தன் நான், ஏழு இருபதுக்குக் கப்பல் முன்பக்கம் நின்னு ஊரப் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் முன்னாலதான் நின்னோம். பின்னால எவன் வந்தான்னு யார் பாத்தா?”

ஷிமே தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். வேறெங்கோ இருந்து வந்த கைகளைப் பார்ப்பதுபோல.

“கை தானாக் கட்டிருச்சு,” என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. தொன்ச்சி போனதும் இருவரும் படகில் கிளம்பியிருக்கிறார்கள். ஜலசந்தி வாயிலேயே வின்கோவின் கப்பலுக்குக் கையசைக்க வேண்டும் என்று யெரேவுக்கு ஆசை. வழியில், இன்றைக்கு வின்கோவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று யெரே சொல்லியிருக்கிறான். ஷிமே துடுப்பால் அடித்துவிட்டான். பிணத்தைக் கடலில் போட்டிருந்தால், கடைசியாகக் கூடப் போனது யார் என்று கேட்பார்கள். படகு நகரவே இல்லை என்றால் கேள்வி மகனோடு நின்றுவிடும்.

“என்னத்தச் சொல்லப்போனான்?” வின்கோ கேட்டான்.

“பாவே சரியான இடத்துலதான் நின்னான். விஞ்ச் என் கையில இருந்துச்சு. குடிச்சிருந்தேன்.”

“யெரேக்குத் தெரியுமா?”

“பக்கத்துலதான் நின்னான். என் பிள்ளைங்களுக்காக வாய மூடிட்டான்.”

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஷிமேயிடமிருந்து எண்ணெயும் யெரேயிடமிருந்து வாழ்த்து அட்டையும் ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்தன. இருபத்தாறு வருஷம். தம்பிக்காக வெட்கப்பட்டவன் வின்கோ ஒருவன்தான்.

ஷிமேயைக் கூட்டிப்போனார்கள். ஐந்தரைக்குத் தொன்ச்சியை விட்டார்கள். அவன் வந்து கரையோரம் உட்கார்ந்து படகையே பார்த்தான்.

6:00. கப்பல் கயிற்றைக் கழற்ற இறங்கிய மாலுமி, குறுக்கே கிடந்த படகுக் கயிற்றில் கை வைத்தான்.

“அதத் தொடாத, தள்ளு,” என்றான் வின்கோ.

தளர்ந்த கப்பல் கண்ணியைப் படகுக் கண்ணிக்குள் இழுத்து, முளைக்கு மேல் தூக்கிக் கழற்றி, தண்ணீரில் விட்டான். படகின் கயிறு அசையவில்லை. எண்ணெய்ப் புட்டியை முளையடியில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினான்.

மிலேனா முன்பக்கம் இடம் பிடித்து வைத்திருந்தாள். அவன் பின்பக்கம் போய் நின்றான்.