ரிப்பீட்டர் குழி

ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளியைக் கோர்ட்டுக்கு இழுத்த சென்னிமலை, டெலிபோன் கேபிள் போட வந்தவர்களுக்குக் கேட்காமலே இடம் கொடுத்ததுதான், அவர்களில் ஒருவனாக வந்திருந்த நஞ்சப்பனுக்கு முதலில் உறுத்தியது. எழுபத்தாறில் கோயம்புத்தூரிலிருந்து மேற்கே புது ட்ரங்க் கேபிள் வந்துகொண்டிருந்தது. கேபிளில் குரல் போகப் போகத் தேயும். அடியோடு செத்துப்போவதற்குள் அதைப் பிடித்து, உரமேற்றி அனுப்ப ஒரு ரிப்பீட்டர் பெட்டி வேண்டும். அளந்தபடி பார்த்தால் அது வடகரப்பதி ரோட்டோரத்தில் வர வேண்டியது.

"ரோட்டுல எதுக்குங்க மச்சான்? என்ற காட்டுல வெச்சுக்குங்க. குழிகூட நானே தோண்டி, அடியில சிமெண்டும் போட்டுட்டனுங்க" என்றான் சென்னிமலை, நஞ்சப்பனின் தங்கை புருஷன். இன்ஜினியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புள்ளியை நகர்த்திவிட்டார்.

தங்கை மருதாத்தாள் வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு ஏலப்பாறை எஸ்டேட்டில் இருக்கும் சித்தியிடம் போய்விட்டாளாம். அண்ணனிடம் சொல்லாமல் வேலந்தாவளம் சந்தைக்குக்கூடப் போகாதவள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் போதும் அவனுக்கு.

பொழுது சாய்ந்தது. மற்றவர்கள் ஜீப்பில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கணவாய்க் காற்று பனையோலைகளை ஓயாமல் உரசிக்கொண்டிருக்க, புதுச் சிமெண்டின் ஈரவாடையும் அதற்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத புளித்த வாடையும் எழும் குழிக்குள் நஞ்சப்பன் இறங்கி, பெட்டிக்குப் பேட்டரியைக் கொடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டினான். இரைச்சல். அதற்கு அடியில் ஒரு பெண்குரல்.

"அண்ணா..."

மனசு துள்ளியது. ஏலப்பாறையிலிருந்து கூப்பிடுகிறாளா!

"மருதா! எங்க அம்மிணி இருக்கறே?"

"இருட்டா இருக்குதுண்ணா."

ஏலப்பாறைப் பக்கம் போகும் மேற்குக் கேபிளை இன்னும் இணைக்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோயம்புத்தூர் ஆட்கள் விளையாடுகிறார்களோ? கிழக்குக் கேபிளையும் பிடுங்கினான்.

"அண்ணா." இப்போது உரத்து.

பேட்டரியை விட்டால் பெட்டியில் மிச்சம் ஒரே கம்பி. எர்த் கம்பி. பிடித்துப் பார்த்தான். சிமெண்டைத் துளைத்து மண்ணுக்குள் போயிருந்தது.

மேலே செருப்புச் சத்தம்.

"யாருகிட்டங்க மச்சான் பேசறீங்க?"

"மருதா எங்கடா?"

சென்னிமலை குழியோரம் கிடந்த மூடிக்கு அடியில் கடப்பாரையைச் செருகினான். "சர்க்கார் மூடி போட்டுட்டா ஒருத்தனும் தோண்ட மாட்டான்னு இருந்தனுங்க" என்றான். கடப்பாரை நெம்பியது. கான்கிரீட் ஸ்லாப் உராய்ந்தது. வெளிச்சம் ஒரு கோடாயிற்று. அதுவும் போயிற்று.

நஞ்சப்பன் கத்தினான். வெளிக்காற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை. காதில் இரைச்சல் சுத்தமாக நின்றிருந்தது.

"வந்துட்டியாண்ணா?"

அவன் கையிலிருந்த எர்த் கம்பியை அடியிலிருந்து யாரோ மெல்ல இழுத்தார்கள்.