பதினொரு மில்லிகிராம்

ஹனோவர், 2006 மார்ச் 14. காலை 8.20.

ஆய்வக உறைபெட்டியைத் திறந்த தேஜஸ்வினி அப்படியே நின்றாள். நடுத்தட்டில் அவள் வைத்த குப்பி இல்லை.

கடற்பஞ்சு என்ற கடலுயிரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் போராடிப் பிரித்தெடுத்த பொருள். மொத்தமே பதினொரு மில்லிகிராம். இரத்தப் புற்றணுக்கள் பெருகுவதை அது நிறுத்தியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அடுத்த சோதனை வெள்ளிக்கிழமை.

9.40. குற்றப்பிரிவு அதிகாரி தேனுஜா வந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஹனோவரில் வளர்ந்தவள். உறைபெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். உடனே மறுபடி இழுத்தாள். கதவு அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நான்காவது நிமிடம் திறந்தது.

அறைவாசலின் அடையாள அட்டைப் பதிவை வாங்கிப் படித்தாள். நேற்று மாலை தேஜஸ்வினி வெளியேறியது 5.12. சக ஆய்வாளன் ஜெயகாந்த் 5.13. இன்று காலை 7.05க்கு ஜெயகாந்த் தனியாக நுழைந்திருக்கிறான். 8.20க்குத் தேஜஸ்வினி வரும்வரை வேறு யாரும் வரவில்லை.

"காலமை குப்பியைக் கண்டனீங்களோ?" என்று அவனைக் கேட்டாள்.

"நேத்தே அது இல்ல மேடம்," என்றான் ஜெயகாந்த். "தேஜு ஃப்ரீசரை மூடிட்டு நேரா வெளிய போனா. அவ போனதும் நான் திறந்து பார்த்துட்டுக் கிளம்பினேன். நடுத்தட்டு காலி. அவ வைக்கவே இல்ல."

"நான் வச்சேன்," என்றாள் தேஜஸ்வினி. குரல் உயரவில்லை.

தேனுஜா உறைபெட்டியை மூடினாள். "ஜெயகாந்த், இப்ப திறவுங்கோ."

அவன் கைப்பிடியைத் தொடவில்லை.

"ஏலாது, என்ன? உள்ள போன காத்து குளிர்ந்து சுருங்கி, கதவை இழுத்துப் பிடிக்கும். விட நாலு நிமிஷம் செல்லும். உங்களுக்கு இருந்தது ஒரு நிமிஷம். நேற்று நீங்கள் திறக்கேல்லை. எடுத்தது இண்டைக்குக் காலமை."

அவன் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"சூட்டில பழுதாப்போற சாமானை வெளியில கொண்டுபோயிருக்க மாட்டீங்கள்." கதவு விட்டதும் கீழ்த்தட்டிலிருந்த அவன் பெட்டியைத் திறந்தாள். குப்பி அதற்குள் இருந்தது.

"கடலுக்குள்ள மூழ்கி அந்தப் பஞ்சை எடுத்தவன் நான்," என்றான் ஜெயகாந்த். "ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரே இல்ல."

தேஜஸ்வினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அது தப்புதான். உன் பேரை நான் போட வைக்கிறேன். ஆனா நீ என்னைத் திருடியாக்கப் பார்த்த."

தேனுஜா குப்பியைப் படம் எடுத்துக்கொண்டு அவளிடம் நீட்டினாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பத்திரமா வையுங்கோ."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வேணாம் மேடம்," என்றாள் தேஜஸ்வினி, கையுறையை மாட்டியபடி. "இப்பவே ஆரம்பிக்கிறேன்."