மூன்று சென்ட் செம்மண்

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைத்ததுமே மோனிகாவுக்குப் பல்லில் நறநறவென்றது. அரிசியில் கல் கிடப்பது புதிதல்ல. ஆனால் இது மாவு போல மெல்லிய வெள்ளை மணல். அவள் வீட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் செம்மண். இன்றோடு நாலாவது நாளாக இப்படி. மூடியைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோனின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏசியின் உறுமல், சூடேறிய வயர் வாடை, கீழே ஓயாமல் திரும்பும் லாரிகள். எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஒரு பாலைவனத்தின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எந்த இடத்தில் எந்தத் தாது இருக்கலாம் என்று நிறம் கொடுப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு மண்ணும் வெயிலை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். தெரிந்த இடம் ஒன்றை மாதிரியாகக் காட்டி, இதைப் போல எங்கே இருக்கிறது தேடு என்றால் மென்பொருள் தேடிக் கொடுக்கும்.

அப்படிக் காட்ட வேண்டிய மாதிரிதான் இன்னும் வந்து சேரவில்லை. போன மாதம் டீம் லீடர் வெங்கடேசன் பக்கத்தில் வந்து நின்றார். "சாம்பிள் வர்ற வரிக்கும் எதுனா ஒண்ண போட்டு ஓட்டும்மா. கிளையன்ட்டு பேஜார் பண்ணிக்கினு கீறான்."

மோனிகா தன் வீட்டு மனையைப் போட்டாள். ஊத்துக்கோட்டைச் சாலையோரம் மூன்று சென்ட். அடுத்தவர் கழனியிலேயே நாற்று நட்டு ஓய்ந்த குடும்பத்துக்கு முதன்முதலாகப் பட்டா கிடைத்த மண். உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த மண் அது ஒன்றுதான். ஊர்ப் படத்தைத் திறந்து, மனையைச் சுற்றிக் கோடு போட்டு, தேடு என்றாள். அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அது தேடியது. பாலைவனப் படத்தில் எட்டுகிற தூரம் வரை வெள்ளை மணல், நடுவில் ஒரே ஒரு சிவப்புத் திட்டு. பிக்சலுக்கு ஒரு சதுர மீட்டர். எண்ணிப் பார்த்தாள். நூற்று இருபத்தொன்று. சரியாக மூன்று சென்ட். மின்கம்பத்துக்கு விட்டுக்கொடுத்த வடகிழக்கு மூலை, அவள் மனையில் இருப்பது போலவே கடித்தாற்போல் உள்ளே போயிருந்தது.

ஏதோ கோளாறு என்று அந்த மூலையை ஒட்டிய பிக்சலை மட்டும் அழித்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அந்த மூலையை ஒட்டி நின்ற முருங்கை மரம் இல்லை. வெட்டிய தடமில்லை, குழியில்லை. ஒரு கை வெள்ளை மணல் மட்டும் கிடந்தது. "எவனோ தூக்கினு பூட்டான்," என்று அவள் கணவன் லோகு கொட்டாவி விட்டான். அவனுக்கு நைட் ஷிப்ட், இவளுக்குப் பகல். இருவரும் விழித்த கண்ணோடு பார்த்துக்கொள்வது நாளைக்கு ஒரு மணி நேரம். அதில் மணலைப் பற்றி என்னவென்று பேசுவது? அதன் பிறகு அவள் எதையும் அழிக்கவில்லை.

இன்றைய படத்தில் திட்டின் நடுவே நீலமாக ஒரு சதுரம்.

அடுப்படிக்கு மேல் லோகு கட்டிய தார்ப்பாய்.

அவன் இப்போது அந்த வீட்டுக்குள்தான் தூங்கிக்கொண்டிருக்கிறான். இந்தத் திட்டு அழிந்தால் வீடு போகும். வீட்டோடு அவனும் போவான். போன் அடித்தாள். வெகு நேரம் கழித்து எடுத்தான்.

"இன்னா மோனி?"

"ரோட்டுல லாரி சத்தம் கேக்குதா?"

"இல்லியே. ஒண்ணுமே கேக்கல. காக்கா கூட கத்தல. கரண்டும் இல்ல, சூடு தாங்கல. இரு, கதவத் தொறந்து வுடுறேன்."

"தொறக்காத! லோகு, தொறக்காத!"

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். பிறகு காற்று. வெறும் காற்று.

லைன் அறுந்தது. மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினால் முக்கால் மணி நேரம். எங்கே ஓடுவது?

திரையில் படம் தானாக மாறியது. இன்றைக்கு எடுத்த படம் நாளைக்குத்தான் வந்து சேரும், ஆறு வருடமாக அப்படித்தான். இதன் மூலையில் இந்த நிமிடத்தின் நேரம் இருந்தது. நீலச் சதுரத்துக்கு வெளியே ஒரு புள்ளி. புள்ளியை ஒட்டி ஒரு நிழல்.

மறுபடி மாறியது. புள்ளி நகர்ந்திருந்தது. ரோடு இருக்க வேண்டிய பக்கமாக. சிவப்பைத் தாண்டி. வெள்ளைக்குள்.

"உள்ள போய்யா," என்றாள் திரையிடம். "ஊட்டுக்குள்ள போ."

தோளுக்குப் பின்னால் வியர்வை வாடை. வெங்கடேசன். "இன்னும் இந்தத் தப்புத் திட்டு கீதா? ஒரிஜினல் சாம்பிள் வந்துட்ச்சும்மா. குடு இப்டி."

"சார், வேணாம். சார்!"

மவுஸ் அவர் கைக்குப் போய்விட்டது. சிவப்பைச் சுற்றி ஒரு கோடு. ஒரு தட்டு.

சிவப்பு போனது. நீலம் போனது.

"இதுக்கா ஒரு மாசம்?" என்றபடி அவர் நடந்தார்.

புள்ளி போகவில்லை. அது கோட்டுக்கு வெளியே இருந்தது.

படம் மாறியது. புள்ளி வீடு இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

படம் மாறியது. அங்கேயே நின்றது. நிழல் மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.