முள் இல்லாத பக்கம்

அந்தச் செடியில் ஒரு பக்கம் மட்டும் முள் இல்லை. துணி காயப்போட வந்த அங்கம்மா, இதென்ன கூத்து என்று நின்றாள்.

கடுகண்ணாவைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை நட்டுவிட்டுப் போன ஹொலிச் செடி அது. கிறிஸ்மஸுக்குத் துரைமார் வீட்டில் கட்டியதால், லயன் வீட்டுச் சனங்களுக்கு நத்தார்ச் செடி. வருஷம் பூராவும் பச்சை, இலை ஓரமெல்லாம் ஊசி முள். பங்களாப் பின்கட்டில் குடியிருந்து தோட்டத்தைப் பராமரிக்கும் அவள் புருஷன் அழகர், தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிப் பழகியவன். தேயிலையைப் போலவே இதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினான். கவ்வாத்துச் சாமிக்கென்று சேவலை அறுத்து ரத்தத்தைத் தூரில் விட்டான். தேயிலைச் சாமியை வேற்றுச் செடிக்குக் கூப்பிடலாமா? அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை, பாழாய்ப்போன புத்தி.

அடுத்த மழைக்குள் செடி ஆளுயரம் தாண்டிக் கொழுத்துவிட்டது.

இப்போது அந்த முள் இல்லாத பக்கத்தில் இலைகள் இரு புறமும் ஒதுங்கி, நடுவில் ஒரு பொந்து. உள்ளே எல்லாம் எண்ணெய் தடவினது போல வழவழப்பு, ஈர மண்ணின் வாசம், அதற்கடியில் லேசாகப் பச்சை ரத்தத்தின் கவிச்சி. பொந்தின் உயரம் அவள் இடுப்புவரைதான். அவர்களுடைய நாலு வயசுப் பாப்பா நின்றால் சரியாக இருக்கும். அங்கம்மா அழகரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஏங்க, இது பாப்பா உசரத்துக்கு வழி விட்டிருக்குங்க."

"வெட்டுன செடி அப்படித்தான் தழைக்கும். சும்மா பயந்து சாகாத."

சாயங்காலம் கணவாயிலிருந்து பனி ஏறி வந்து, வேலியை மறைத்து, கிணற்றை மறைத்து, அடுப்படி வாசல்வரை நின்றது. பாப்பாவைக் காணவில்லை. அவள் ஓடினாள். குழந்தை பாதி உடம்பு பொந்துக்குள் இருக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்தாள்.

"உள்ள கூப்புடுறாங்கம்மா."

அதைக் கேட்டதும் அழகர் முகம் செத்துப்போனது. கத்தியை எடுத்தான்.

"வேரோட சாய்ச்சுட்டு வாரேன். புள்ளைய விடாத."

பனிக்குள் வெட்டுச் சத்தம் கேட்டது. இன்னொரு வெட்டு. கொழும்பு ரயில் மலையைச் சுற்றி இரைந்து போனது. ரயில் போன பிறகு வெட்டுச் சத்தம் இல்லை.

"ஏங்க."

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பிள்ளையைத் தனியே விட்டுப் போகவும் பயம். கையைப் பிடித்துக்கொண்டே போனாள்.

கத்தி புல்லில் கிடந்தது. ஒரு கிளையும் சாயவில்லை. சின்னப் பொந்துக்குப் பக்கத்தில் ஆளுயரப் பொந்து ஒன்று. அவள் பார்க்கப் பார்க்க அது மூடியது. இலை மேல் இலை. முள் மேல் முள்.

சின்னப் பொந்து மூடவில்லை.

"வா பாப்பா, போவோம்."

குழந்தை வரவில்லை. அங்கம்மா இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

பிள்ளையின் மறு கை பொந்துக்குள் இருந்தது. அந்தக் கையை அழகரின் கை பிடித்திருந்தது. முழங்கைக்கு மேல் இலைதான் இருந்தது.

மெதுவாக, ஆசையாக, அந்தக் கை பிள்ளையை உள்ளே இழுத்தது.